பி.பி. கஃப்பைத் திருப்பிப் பார்த்த நாள்

போன வருஷம் ஆனிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில் ஆளாளுக்குச் சொறிந்துகொண்டிருந்தோம். முதலில் ஆண்கள் பக்கம் ஜன்னலோரக் கட்டில் அப்பிச்சி. ராத்திரி ஆனால் போதும், விரல் இடுக்கையும் இடுப்பையும் ரத்தம் வருகிற அளவுக்குச் சொறிவார். வயசானவர்களுக்குத் தோல் காய்ந்து அரிக்கும், அதுவும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதத்தில் கேட்கவே வேண்டாம் என்று நானும் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு, “செரியாயிருமுங்க அப்பிச்சி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் பக்கத்துக் கட்டில், அப்புறம் எதிர்க் கட்டில், அப்புறம் சம்பந்தமே இல்லாமல் பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மச்சி, அப்புறம் எங்கள் ஆயாக்களில் ஒருவர், கடைசியில் நான். எனக்கு மணிக்கட்டில் வந்தது, சரியாக வாட்ச் கட்டுகிற இடத்தில்.

மாதம் இரண்டு முறை வருகிற டாக்டர் என் கையைப் பார்த்த உடனே சிரித்துவிட்டார். ஸ்கேபீஸ். ஊர்ப்பக்கம் சிரங்கு என்போமே அதுதான், தோலுக்குள் குடைந்து முட்டையிடுகிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, மேஜைமேல் கிடந்த பி.பி. மெஷினையும், கையில் சுற்றுகிற அதன் துணிப்பட்டையையும் பார்த்துக்கொண்டே கேட்டார்: “சிஸ்டரே, இந்த கஃப் எத்தனை பேருக்கு?”

முப்பத்திரண்டு பேருக்கு. காலையும் சாயங்காலமும். இரண்டு வருஷமாக.

“எப்போ கழுவினது?”

பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் இல்லம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வரவேண்டும். பாலக்காடு மாவட்டம், சிற்றூர் தாலுக்கா, அதாவது கேரளாதான். ஆனால் கடைவீதியில் காதைக் கொடுத்தால் பாதிக்கு மேல் தமிழ் கேட்கும். இல்லத்திலும் அப்படித்தான். அப்பிச்சியும் உண்டு, அம்மச்சியும் உண்டு, முத்தச்சனும் உண்டு. ரிஜிஸ்டர் இங்கிலீஷில், சுவர் நோட்டீஸ் மலையாளத்தில், திட்டுவது மட்டும் தமிழில். நான் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு இங்கே வந்தேன். அங்கே கருவிகளைக் கழுவி, கட்டி, அவித்து அனுப்ப ஒரு தனிப் பிரிவே இருந்தது. பொட்டலத்தைப் பிரிப்பது மட்டும்தான் நம் வேலை. இங்கே இருப்பது ஒரு சிங்க், ஒரு கேஸ் அடுப்பு, நாலு பக்கெட், இரண்டு ஆயா. அந்தத் தனிப் பிரிவு என்ன செய்துகொண்டிருந்தது என்பது இங்கே வந்த பிறகுதான் புரிந்தது.

டாக்டர் போன பிறகு கஃப்பை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்கு வந்து வெயிலில் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் நீலம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்பக்கம், கையில் படுகிற பக்கம், நடுவில் ஒரு சாம்பல் நிறப் பட்டை. எண்ணெயும் பவுடரும் வியர்வையும் சேர்ந்து தோசைக்கல் ஓரம் மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தது. ஒட்டுகிற பட்டைக்குள் நரைமுடி, போர்வை நூல், வெள்ளை வெள்ளையாகத் தோல் செதில். ஒரு ஊக்கை வைத்துக் கிண்டினால் வந்துகொண்டே இருந்தது, கடைசியில் உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு உருண்டையாக நின்றது. முப்பத்திரண்டு பேருடைய தோலும் அதில் இருந்திருக்கும், என்னுடையதும் சேர்த்து.

ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். சிரங்கு கஃப்பால்தான் பரவியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தப் பூச்சி பெரும்பாலும் தோலும் தோலும் உரசித்தான் போகும். புரட்டிப் படுக்க வைப்பதும், குளிப்பாட்டுவதும், தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதும் எங்கள் கைகள்தானே. அதிகமாகச் சுமந்துபோனது அந்தக் கைகளாகத்தான் இருக்கும். மனித உடம்பை விட்டு வெளியே வந்தால் அது சாதாரணமாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. ஆனால் கஃப்புக்கு இரண்டு நாள் ஓய்வு எங்கே கிடைத்தது? ஒரு கையிலிருந்து அவிழ்த்து அரை நிமிடத்தில் அடுத்த கை. இன்னொரு கொடுமை, முதல் தடவை பூச்சி ஏறியவர்களுக்கு அரிப்பு வெளியே தெரியவே பல வாரம் ஆகும். அப்பிச்சி சொறிய ஆரம்பித்தபோது பக்கத்துக் கட்டிலுக்கு அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும்.

வைத்தியம் பெரிய விஷயமில்லை, ஒழுங்குதான் பெரிய விஷயம். அரிப்பு இருக்கிறவர், இல்லாதவர், ஆயா, சமையல்காரர் என்று அத்தனை பேரும் ஒரே நாள் ராத்திரி கழுத்துக்குக் கீழே விரல் இடுக்கு, தொப்புள், நகக்கண் விடாமல் பெர்மெத்ரின் 5% க்ரீம் தடவிக்கொண்டு காலையில் குளிக்க வேண்டும், வாரம் கழித்து இன்னொரு முறை. துணி, போர்வை எல்லாம் கொதிதண்ணீரில். வெந்நீரில் போட முடியாததை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைத்துவிட்டால் பூச்சி பட்டினியில் செத்துவிடும். கம்பளி, ஸ்வெட்டர், கஃப் துணி எல்லாம் அப்படிப் பைக்குள் கிடந்தன. அந்த வாரம் பி.பி. பார்க்கப் பக்கத்துக் கிளினிக்கில் இரவல் வாங்கினேன். வாங்கின கையோடு முதல் வேலையாக அதைத் திருப்பிப் பார்த்தேன். நம்முடையதைவிட மோசம்.

கஃப்பைக் கழுவுவது அப்படி ஒன்றும் வித்தையில்லை. உள்ளே இருக்கிற ரப்பர் பையை உருவி எடுத்துவிட்டு, துணி உறையை மட்டும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் ஒட்டுப் பட்டையைத் தேய்த்து, அலசிக் கொடியில் போட வேண்டியது. எங்கள் ஊர்க் காற்றுக்கு அரை மணியில் காய்ந்துவிடும். இரண்டு வருஷமாகச் செய்யாததற்கு ஒரே காரணம், அது யாருடைய வேலையும் இல்லை என்பதுதான். பெட்பேன் ஆயா வேலை, ஊசித்தட்டு என் வேலை, தரை, துடைப்பவருடைய வேலை. கஃப் எல்லோருடைய கையிலும் இருந்தது, அதனால் யாருடைய கணக்கிலும் இல்லை. தெர்மாமீட்டரும் அப்படி, விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரும் அப்படி, சர்க்கரை பார்க்கிற மெஷினும் அப்படி.

நர்சிங் படிப்பில் ஸ்பால்டிங் என்று ஒரு பெயர் வரும். ஏர்ல் ஸ்பால்டிங், அமெரிக்கர். 1960களில் அவர் வகுத்துக் கொடுத்த மூன்று படியைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உடம்புக்குள், ரத்தத்துக்குள் போகிற கருவி கிருமியே இல்லாமல் ஸ்டெரைல் ஆக இருக்க வேண்டும். வாய், மூக்கு, தொண்டை மாதிரி சளிச்சவ்வைத் தொடுகிற கருவிக்கு அதற்கு அடுத்த படி, வீரியமான கிருமிநீக்கம். நல்ல தோலை மட்டும் தொடுகிற சாமானுக்குக் கழுவித் துடைத்தால் போதும். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிய பதில்தான். கஃப் மூன்றாவது படி, ஆபத்து குறைவு.

ஆனால் அதில் ‘நல்ல தோல்’ என்று இருக்கிறது பாருங்கள், முதியோர் இல்லத்தில் அந்த நல்ல தோலுக்கு எங்கே போவது? எண்பத்தைந்து வயசில் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், கஃப் இறுகினாலே நீலம் பாயும், பிளாஸ்டர் பிரிக்கும்போது தோலும் கூட வரும். முதுகில் படுக்கைப் புண், காலில் ஆறாத சர்க்கரைப் புண், சொறிந்த கீறல். அதனால் மூன்றாவது படிச் சாமான் எப்போது இரண்டாவது படிக்கு ஏறிவிடும் என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் நோயாளி ஐந்து நாளில் வீட்டுக்குப் போய்விடுவார், கூடவே அவர் கிருமியும் போய்விடும். இங்கே ஐந்து வருஷம் இருப்பார்கள். எல்லோரும் ஒரே தட்டு, ஒரே குழாய், ஒரே கை.

சரி, கழுவும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இல்லத்திலும் மருந்துக்குக் குறைச்சல் இல்லை. ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கேன் கேனாக இருந்தது, ஸ்பிரிட் இருந்தது, தரை துடைக்க மூன்று வகை இருந்தது. என்ன செய்துகொண்டிருந்தோம் என்றால், அழுக்கின்மேலேயே மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தோம். சளி ஒட்டின சக்‌ஷன் (சளி உறிஞ்சுகிற மெஷின்) ஜாடியில் நேரே ஹைப்போ. குளோரினுக்கு அது கிருமியா சளியா என்று பார்க்கத் தெரியாது; ரத்தம், சளி, மலம் எது முன்னால் இருந்தாலும் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். அடியில் இருக்கிற கிருமி சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும், அப்புறம் அலசல், அதற்கப்புறம்தான் மருந்து. சுத்தமாக அலச வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. தரை துடைக்கிற திரவங்களில் பலவற்றில் இருப்பது பென்சால்கோனியம் குளோரைடு; சோப்பு மிச்சம் இருந்தால் சோப்பும் அதுவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டுமே வீணாகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேறு கடினநீர், பக்கெட் ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி படியும், அதிலும் இதன் வீரியம் குறையும். வாசனை மட்டும் குறையாது. வாசனை வந்தால் சுத்தம் என்று நம்புகிற மூக்கு நமக்கு, அதை மாற்றுவதுதான் கஷ்டம்.

அளவு இன்னொரு கூத்து. மலையாளி மேட்ரன் சேச்சி ஒருவர் இருந்தார், நல்ல மனுஷி, எல்லாவற்றுக்கும் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார். புதிதாகச் சேர்ந்த ஆயா எருத்தேம்பதிக்காரர், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், மலையாளம் பேசினால் பாதி புரியும், படிக்கத் தெரியாது. சேச்சி அவரிடம் “ஒரு அடப்பு ஒழிச்சா மதி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலையாளத்தில் அடப்பு என்றால் மூடி, ஒழிப்பது என்றால் ஊற்றுவது. ஒரு மூடி ஊற்றினால் போதும் என்று அர்த்தம். ஆயா காதில் விழுந்தது அடுப்பும் ஒழிப்பும். “எதுக்குங்க அடுப்ப ஒழிக்கச் சொல்றாங்க?” என்று என்னிடம் வந்து கேட்டார். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, ஒரு மூடி என்பதே தப்புதானே. எந்தக் கேன் மூடி? எத்தனை தண்ணீருக்கு?

அன்றைக்கே படம் வரைந்தேன். எழுத்தே இல்லை. கேனில் 5% என்று போட்டிருக்கிற ஹைப்போவுக்கான கணக்கு இது. வேறு சதவீதமானால் கணக்கு மாறும், லேபிளைப் பாருங்கள். கட்டில் கம்பி, மேஜை, கமோடு நாற்காலி துடைக்க ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், அதாவது 20 மில்லியை ஒரு லிட்டர் ஆக்க வேண்டும், 0.1% வரும். ரத்தம் சிந்தினால் ஒரு பங்குக்கு 9 பங்கு, 100 மில்லியை ஒரு லிட்டர் ஆக்கினால் 0.5%. இருமல் மருந்தோடு வருகிற சின்ன அளவுக் குவளைதான் 20 மில்லிக்கு. மக்கில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு லிட்டர் கோடு. பாலிஷ் கொடுத்தது ஒரு அம்மச்சி, தொண்ணூறு வயசிலும் வைத்திருந்தார்.

அளவு சரியாக இருந்தாலும் இன்னும் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று வெயில். ஹைப்போ வெளிச்சத்திலும் சூட்டிலும் தானாகவே செத்துக்கொண்டே வரும். ஒரு தடவை ஸ்டோரைத் துழாவும்போது ஜன்னல் ஓரத்தில் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிவைத்தது ஒன்று அகப்பட்டது, எப்போது ஊற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை, முகர்ந்தால் வாசனையே இல்லை. அதைத்தான் ஒரு மாதமாகத் தெளித்துக்கொண்டிருந்தார்கள், வெறும் உப்புத்தண்ணீர். இப்போது கலப்பது காலையில், கொட்டுவது மறுநாள் காலையில், பாட்டிலில் தேதி எழுதாவிட்டால் அது தண்ணீர் என்றே கணக்கு. இன்னொன்று பொறுமை. மருந்தைத் தடவி உடனே துடைத்தால் ஒன்றும் நடக்காது. தொட்ட இடம் சில நிமிடமாவது ஈரமாகவே இருக்க வேண்டும், எவ்வளவு என்று லேபிளில் போட்டிருக்கும். பளபளவென்று வரட்டும் என்று கையோடு துடைத்துவிடுவது நம் பழக்கம். வீட்டு வேலையில் நல்ல பழக்கம், இதில் கெட்ட பழக்கம்.

அப்புறம், ஹைப்போவோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கலக்காதீர்கள். ரெட்டைச் சுத்தம் கிடைக்கும் என்று நினைத்து எங்கள் ஆயா ஒருநாள் ஒன்றின்மேல் ஒன்று ஊற்றிவிட்டார். குளோரின் வாயு கிளம்பி, இருமிக்கொண்டு ஓடிவந்தவரைக் காற்றுப்பக்கம் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. இரும்பு, ஸ்டீல் சாமான்களையும் ஹைப்போ அரித்துவிடும், துடைத்த பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு துடைப்பு வேண்டும்.

இந்தக் குளோரின் ஒன்றும் புதுசில்லை. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்கிற டாக்டர் பிணவறையிலிருந்து பிரசவ வார்டுக்கு வருகிற டாக்டர்களைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார், பிரசவித்த பெண்கள் சாவது சடாரென்று குறைந்தது. மழைக்காலத்தில் ஆஷா சேச்சி (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்) வந்து நம் கிணற்றில் போட்டுவிட்டுப் போகிற பிளீச்சிங் பவுடரும் அதே சரக்குதான். கூட வேலை பார்த்த டாக்டர்கள் பலர் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எங்கள் ஆயாக்கள் பரவாயில்லை.

ஸ்பிரிட் பற்றி ஒரு வரி. 70 சதவீதம் போல இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும், சுத்த ஆல்கஹால் என்று 99 வாங்கி வைப்பதில் பிரயோஜனம் இல்லை. கூடத் தண்ணீர் இருந்தால்தான் கிருமியின் புரதத்துக்குள் இறங்கி அதைக் குலைக்கும். ஆக்சிமீட்டர், ஸ்டெத் துடைக்க நல்லது. வயிற்றுப்போக்கு கொடுக்கிற சில கிருமிகள் விதை மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும், அவற்றை இது ஒன்றும் செய்யாது.

சர்க்கரை மெஷினில்தான் எனக்கு உண்மையான பயம். அமெரிக்காவில் நார்த் கரோலைனாவில் ஒரு முதியோர் இல்லத்தில் 2010-இல் எட்டுப் பேருக்கு மஞ்சள் காமாலை பி வகை வந்து ஆறு பேர் இறந்துபோனார்கள். அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தது, இல்லத்து ஆட்கள் சர்க்கரை பார்த்துவிட்டது. ஒரு துளி ரத்தம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். படித்துவிட்டு எங்கள் மெஷினை லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ஸ்ட்ரிப் சொருகுகிற வாய் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. சர்க்கரை பார்க்கிறவர்கள் எங்களிடம் பதினான்கு பேர். ரத்தத்துளி எடுக்க விரலில் குத்துகிற பேனாவும் ஒன்றுதான் இருந்தது, ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தோம். ஊசி மாறினாலும் பேனா முனை ரத்தத்தில் படும், அதனால் குத்துகிற பேனாவை இரண்டு பேருக்குப் பயன்படுத்தவே கூடாது. மெஷினை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும் என்றும் நம்பக் கூடாது, இந்த வைரஸ் விஷயத்தில் அது தாங்காது. மேனேஜரிடம் போய் ஆளுக்கொரு மெஷின் கேட்டேன், கணக்குப் பார்த்தார். முதலில் ஏழு வாங்கினார், மீதியை அந்தந்த வீட்டுக்காரர்களே வாங்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு துணிப்பையில், பையில் பெயர். குத்துவதற்கு பேனாவே இப்போது கிடையாது, ஒருமுறை குத்தினால் ஊசி தானாக உள்ளே போய்விடுகிற லான்செட்தான்.

தெர்மாமீட்டரைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கேண்டிடா ஆரிஸ் என்று ஒரு பூஞ்சை, 2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரித்தார்கள், மருந்துக்கு லேசில் மசியாது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு ஐ.சி.யூ.வில் அது பரவிக்கொண்டே இருந்தது, எங்கே தேடியும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால், அக்குளில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற வெப்பமானிக் கருவி. அதை எடுத்த பிறகுதான் பரவல் அடங்கியது, 2018-இல் அதை எழுதினார்கள். நாமும் அக்குளில்தானே வைக்கிறோம். இப்போது ஆளுக்கொன்று. விலை ஒன்றும் பெரிதில்லை.

நெபுலைசருக்கும் அதே கதை. மெஷின் பொது, முகமூடியும் மருந்து ஊற்றுகிற சின்னக் கிண்ணமும் ஆளுக்குத் தனி. ஒவ்வொரு தடவையும் கழுவி, உதறி, சுத்தமான துண்டில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் அடுத்த முறை மருந்தோடு சேர்த்துக் கிருமியையும் புகையாக்கி நேரே நுரையீரலுக்கு அனுப்புகிறோம். கொதிக்கவைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தால் தினம் ஒருமுறை 5 நிமிடம் கொதிக்கவைப்பது நல்லது. மருந்தில் ஊறவைப்பதானால் கடைசி அலசல் கொதித்து ஆறின தண்ணீரில், குழாய்த் தண்ணீரில் அலசினால் போன கிருமி திரும்ப வந்துவிடும். ஆக்சிஜன் குமிழி பாட்டிலிலும் டிஸ்டில்டு வாட்டர்தான், தினம் கொட்டி மாற்ற வேண்டும், குறைந்ததற்கு மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே போகக் கூடாது.

புண் கட்டுகிற கத்தரிக்கோல், ஃபோர்செப்ஸ் மட்டும் ஆட்டோகிளேவில். எங்களுடையது கேஸ் அடுப்பில் வைக்கிற குக்கர் மாடல்தான். வேலை செய்கிற விதமும் பருப்பு வேகிற விதமும் ஒன்றே, 15 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் நிற்காமல் 121-க்குப் போகும். ஓடு கட்டின கிருமியும் அதில் சாகும், வெறும் கொதியில் சாகாது. துணியில் கட்டின பொட்டலத்துக்கு நாங்கள் அழுத்தம் ஏறியதிலிருந்து 30 நிமிடம் வைக்கிறோம். மேலே ஒட்டுகிற டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள்; டேப் சொல்வது சூடு பட்டது என்பதை மட்டும்தான். பொட்டலம் ஈரமாக வெளியே வந்தால் ஸ்டெரைல் இல்லை, ஈரத்தின் வழியாகவே வெளிக்கிருமி உள்ளே போகும். ஆயாவுக்கு இதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. “ஈரத்துணிய மடிச்சு வெச்சா நாறுமுங்க” என்று அவரே சொன்னார்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது பெரிய கஃப் துணி எட்டு, கட்டில் வரிசைக்கு ஒன்று, புண் இருக்கிறவர்களுக்குத் தனி. செவ்வாய்க்கிழமை கஃப் கழுவும் நாள். யார் என்று பெயர் எழுதியிருக்கிறது, அந்தப் பெயர் நான். ஜன்னலோர அப்பிச்சிக்குத் தன் கஃப்பின்மேல் ஒரு உரிமை வந்துவிட்டது, தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறார், வேறு யாருக்காவது கேட்டால் “அது எம்பட” என்று கொடுக்க மாட்டார். அவரிடம் கழுவ வாங்குவதுதான் செவ்வாய்க்கிழமையின் கஷ்டமான வேலை.

தானமாக வருகிற சாமான்களைப் பற்றி எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது. இந்தப் பக்கம் வீட்டில் ஒருவர் படுக்கையிலிருந்து இறந்தால், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் எல்லாவற்றையும் இல்லங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நல்ல மனசு, எங்களுக்கும் பெரிய உதவி. ஆனால் அவர் கடைசியாக மூச்சுவிட்ட குழாயும் மாஸ்க்கும் கூடவே வரும். குழாய், மாஸ்க், உள்வடிகட்டி, தண்ணீர் பாட்டில் எதையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. வெளிவடிகட்டியை மட்டும் கழுவலாம், மெஷின் உடம்பைத் துடைக்கலாம். மெத்தையில் ஒரு கீறல் இருந்தாலும் வேண்டாம், உள்ளே ஈரம் இறங்கியிருக்கும். இதைக் கொடுக்க வந்தவர்களுக்கு முன்னால் செய்யக் கூடாது என்று ஒரு நாகரிகம் வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளத்திலிருந்து ஒருவர் ஆட்டோவில் மெஷினோடு வந்தார். அம்மா இறந்து பதினாறு நாள் காரியம் முடிந்த மறுநாள். இறக்கி வைத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால் போகவில்லை, வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு மத்தியான மருந்து நேரம், வேறு வழியில்லாமல் குழாயைக் கழற்றிச் சுருட்டி மருத்துவக் கழிவுப் பைக்குள் போட்டேன். “அது அம்மாவுக்குப் போட்டிருந்ததுங்க சிஸ்டர்” என்றார். “ஆமாங்ணா, இது இன்னொருத்தருக்கு ஆகாதுங்க” என்றேன். தலையை ஆட்டினார். பின்பக்கத்து மூடியைத் திறந்து வெளிவடிகட்டியை எடுத்தேன். ஆறு மாதக் காற்றில் அடித்த தூசி, செம்மண் நிறத்தில் கெட்டியாக அடைத்திருந்தது. குழாயடிக்கு எடுத்துப் போனேன், அவரும் பின்னாலேயே வந்து, கேட்காமலேயே மக்கை எடுத்து ஊற்ற ஆரம்பித்தார். நான் சோப்பு போட்டுக் கசக்கினேன். தண்ணீர் தெளிய ஏழெட்டு மக்கு பிடித்தது.